மணல் வாளியை யார் வைத்தது?

1

இந்தக் கதை ஒரு மனுவாகப் பிறந்தது. அதை மறைத்துப் பயனில்லை. என் அக்காவின் கணவர், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், போன வாரம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. “நீதான் குடும்பத்துலயே எழுதத் தெரிஞ்சவ. ஒரு பக்கம் எழுதிக் குடு. படிக்கிறவங்க மறுபேச்சு பேசக் கூடாது,” என்றார்.

எதைப் பற்றி? பதினோரு வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றி. அவரும் அக்காவும் நாலு வயதில் தத்தெடுத்து வளர்த்த மகளைப் பற்றி. இனி அவளை வைத்துக்கொள்ள முடியாது, எடுத்த இல்லத்துக்கே திருப்பி அனுப்ப அனுமதி வேண்டும் என்று தத்து அலுவலகத்துக்கு மனு. காரணம் உருக்கமாக இருக்க வேண்டுமாம். உருக்கம் என் தொழில் என்று நினைத்துவிட்டார். பழைய நாவல்களை மாணவர்களுக்காகச் சுருக்கி, ‘இந்த வினா கட்டாயம் வரும்’ என்று கட்டம் கட்டிப் போடும் பரீட்சைக் கையேடுகள் எழுதித்தான் நான் பிழைக்கிறேன். கதை எழுதுவது அந்த வேலை ஓய்ந்தபின்.

அவளை எல்லாரும் நட்டு என்று கூப்பிடுவோம். முடிவு தெரியும்வரை இருக்கட்டும் என்று என் வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அத்தான் வாசலில் நின்று மனுவைப் பற்றிப் பேசியபோது அவள் உள்ளறையில் கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தாள். அது அவருக்குத் தெரியும். குரலைத் தாழ்த்தவில்லை.

மனு எழுத உட்கார்ந்தேன். எழுதவும் எழுதினேன். வந்தது இதுதான். கோபத்தில் எழுதியது. கோபம் எழுத்துக்கு ஆகாது என்று நினைக்கிறவர்கள் இந்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

முதல் தொடக்கம். அத்தான் சொல்லச் சொல்ல எழுதியது.

‘எங்கள் மகனின் முதல் பிறந்தநாளுக்கு மறுநாள், மேற்படி சிறுமி எங்கள் பட்டறைக்குத் தீ வைத்தாள்.’

நன்றாக இருக்கிறது, இல்லையா? மகன், பிறந்தநாள், தீ. இதற்கு மேல் நான் எதையும் எழுத வேண்டாம், அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். அதிலும் ‘மேற்படி சிறுமி’ என்ற இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். போன வருஷம்வரை அவள் ‘எம் பொண்ணு’.

நடந்தது இது. சின்னவனின் பிறந்தநாளுக்காக அத்தான் தன் கையால் ஒரு பொம்மைக் கார் செய்திருந்தார். குழந்தை வளர்ந்ததும் மிதித்து ஓட்டலாம். அந்தக் காரை நட்டு, அத்தானின் வண்டிப் பட்டறையின் பின்முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கொளுத்தினாள். கார் எரிந்தது. சற்றுத் தள்ளி நின்ற வண்டி ஒன்றின் தார்ப்பாய் ஓரத்திலும் தீ தாவியது, அதை அவளே அணைத்தாள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. சின்னவன் மேல்மாடி வீட்டில் அக்கா மடியில் இருந்தான்.

அத்தான் ஓடி வந்தபோது அவள் கரிந்த காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அறைந்தார். அவள் அழவில்லை. ‘அழவே இல்ல பாரு’ என்பது அன்று சாயங்காலமே குற்றப்பட்டியலில் சேர்ந்துகொண்டது. (அழுதிருந்தால் ‘நடிக்கிறா பாரு’ சேர்ந்திருக்கும்.)

அப்புறம் அந்தப் பேச்சு வந்தது. அத்தானின் தங்கை தொடங்கிவைத்தாள்.

“எவ்வளவு குளிப்பாட்டி நடு வீட்டுல வெச்சாலும் நாய் வால நிமித்த முடியுமா அண்ணே? எந்த ரத்தமோ என்னவோ.”

“அதான்,” என்றார் அத்தான். “ரத்தம் காட்டிடுச்சு.”

எந்த ரத்தம் என்று அவர்கள் இருவருக்கும் தெரியாது. இல்லத்துக்கும் தெரியாது. தாயும் தகப்பனும் யார் என்று ஒரு துண்டுத் தகவல்கூடக் கிடையாது. பெற்றவர்கள் இந்த ஊரிலேயே நல்ல மனிதர்களாக இருந்திருக்கலாம். தெரியாத ஒன்றைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச மனிதனால்தான் முடியும்.

எல்லாரும் கதையைத் தீயிலிருந்து தொடங்குகிறார்கள். அக்கா, அத்தான், அவர் தங்கை, எதிர்க்கடைக்காரர், பால் கொண்டுவருகிறவர்வரை. தீயிலிருந்து தொடங்கினால் அப்புறம் எந்தப் பக்கம் திரும்பினாலும் குற்றவாளி அவள்தான். எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த வித்தை தெரியும். கதையை எந்த நாளில் தொடங்குகிறோம் என்பதிலேயே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

ஆகவே அந்த வாக்கியத்தை அடித்தேன்.

3

இரண்டாம் தொடக்கம். ஒரே ஒரு நாள் பின்னால் போகிறேன்.

‘பிறந்தநாளன்று மாலை வானம் செக்கச் செவேலென்று’

வேண்டாம். வானத்துக்கு இதில் பங்கில்லை.

பிறந்தநாளன்று மாலை, வீடு நிறைய ஆட்கள். பலூன், கேக், பிள்ளைகளின் கூச்சல். போட்டோ எடுக்க வந்தவர் எல்லாரையும் வைத்து எடுத்துவிட்டு, “சரி, இப்ப குடும்பம் மட்டும் ஒண்ணு எடுத்துக்கலாம்,” என்றார். மற்றவர்கள் விலகினோம். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார், பக்கத்தில் சின்னவனோடு அக்கா. நட்டு போய் அத்தானின் இடது பக்கம் நின்றாள். அவள் எப்போதும் நிற்கிற இடம் அது. அந்த வீட்டுச் சுவரில் உள்ள எல்லாப் படத்திலும் அவள் அங்கேதான் நிற்கிறாள்.

அத்தான் அவள் தோளைத் தட்டினார். கொஞ்சம் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை.

“நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா. இது ஒண்ணு மட்டும்.”

அவள் தள்ளி வந்து என் பக்கத்தில் நின்றாள். படம் எடுத்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள்.

இந்தத் தொடக்கத்தை அக்காவிடம் போனில் படித்துக் காட்டினேன்.

“ஒரு போட்டோவுக்கா இவ்வளவு? ஒரு நிமிஷ விஷயம்டி அது,” என்றாள்.

ஒரு நிமிஷம் என்றால் நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் அது ஒரு வருஷம் நடந்தது. சின்னவன் பிறந்தது முதல், “அவனத் தூக்காத, கையெல்லாம் கிரீஸு.” அந்தக் கையில் கிரீஸைத் தடவிவிட்டவர் யார்? அப்புறம் “அவன் தூங்கறான், நீ கீழ போய்ப் படி.” அப்புறம் அவள் கட்டில் கீழே போனது. பட்டறைக்குள் உதிரிப் பாகங்கள் அடுக்கும் பரண் அறைக்கு. படிக்க அமைதியாக இருக்குமாம். சைலன்சர்களுக்கும் ரேடியேட்டர்களுக்கும் நடுவில் ஒரு கட்டில், ஒரு பல்பு.

(பத்து வருஷம் குழந்தை இல்லாதவர்கள் தத்தெடுக்கிறார்கள், அப்புறம் சொந்தக் குழந்தை பிறக்கிறது, தத்துப் பிள்ளை ஒதுங்குகிறது. ‘ரொம்பப் பழைய திருப்பம், வேறு ஏதாவது யோசிக்கக் கூடாதா?’ என்று யாராவது கேட்பீர்கள். கதைக்குத்தான் அந்த வெட்கமெல்லாம். குடும்பங்கள் பழைய தப்பையே திரும்பத் திரும்பச் செய்யும், கூச்சமே படாது.)

4

மூன்றாம் தொடக்கம். இன்னும் பின்னால், அவள் வந்த புதிதுக்கு.

அத்தானின் தொழிலைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. விபத்தில் நொறுங்கிய வண்டிகளை வாங்கி வருவார். ஒன்றின் எஞ்சின், இன்னொன்றின் கதவு, வேறொன்றின் கியர்பாக்ஸ் என்று கழற்றிக் கோத்து, ஓடுகிற வண்டி ஒன்றை வெளியே விடுவார். புதிதாக வருகிறவர்களுக்குப் பட்டறையைப் பார்த்தாலே கொஞ்சம் பயமாக இருக்கும். சப்பிய முகப்புகள், கண்ணாடி இல்லாத ஜன்னல்கள், சுவரோரம் அடுக்கிய கதவுகள். நடுவில் அத்தான் எதையாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டு நிற்பார்.

ஒரு தடவை வாடகைக் கார் ஓட்டுகிற அம்மா ஒருவர் வந்தார். ஒரு வண்டியைப் பிடித்துப்போய், அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“இந்த எஞ்சின் எந்த வண்டியோடது? அதுல யாராச்சும் செத்தாங்களா?”

“செத்தாங்க,” என்றார் அத்தான். பொய் சொல்லமாட்டார்.

“ஐயோ, அப்ப வேணாம்ப்பா.”

“ஏம்மா, இரும்புக்கு ஏது ஜாதகம்? எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்காதீங்க. யாரு கோத்தான்னு கேளுங்க. நான் கோத்தேன்.”

அந்த அம்மா வாங்கிக்கொண்டு போனார். இன்றைக்கும் அதைத்தான் ஓட்டுகிறார்.

அந்தப் பேச்சு நடந்தபோது அத்தானின் காலடியில், ஒரு டயர்மேல், நாலு வயதுக் குழந்தை உட்கார்ந்து நட்டுகளைப் பெரியது சின்னது என்று டப்பாக்களில் பிரித்துக்கொண்டிருந்தாள். அதனால் வந்த பெயர்தான் நட்டு. வைத்தவர் அவரே. “என் நட்டு இல்லாம இந்தப் பட்டறைல எதுவும் நிக்காது,” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அந்த வயதில் அவளுக்கு ராத்திரியில் அழுகை வரும், யாரையும் கடித்துவிடுவாள். அத்தானின் முன்கையில் அந்தப் பல் அச்சு ரொம்ப நாள் இருந்தது. “புது எடம், செட் ஆகற வரைக்கும் சத்தம் வரத்தான் செய்யும்,” என்று சிரிப்பார். அவரை நான் எவ்வளவு மதித்தேன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கோபத்தின் அளவு உங்களுக்குப் புரியாது.

பட்டறையில் மூன்று பழக்கங்கள் இருந்தன. மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கேட்பேன்.

ஒன்று. அவர் விற்ற வண்டி எப்போதாவது பழுதாகித் திரும்பி வரும். வாசலில் முதலில் பார்ப்பவள் நட்டு. உள்ளே பார்த்துக் கத்துவாள்: “அப்பா, நம்ம வண்டி ஒண்ணு திரும்பி வந்திருக்கு!” அத்தான் எந்த வண்டிக்கு அடியில் படுத்திருந்தாலும் அங்கிருந்தே குரல் கொடுப்பார்: “உள்ள விடு, பாப்போம்!” என்ன பழுது, யார் ஓட்டினார்கள், எத்தனை நாளாயிற்று, ஒன்றும் கேட்கமாட்டார். முதலில் உள்ளே விட வேண்டும். “வண்டி என்ன பண்ணும்? நான் கோத்தது திரும்பி வந்தா அது என் தப்பு,” என்பார்.

இன்னொன்று தீ. வெல்டிங் வைக்கிற இடம் என்பதால் அதில் மட்டும் அவர் பிசாசு. “தீயத் தொடறதுக்கு முன்னாடி சிலிண்டரத் தள்ளு, மணலக் கொண்டா, காத்தப் பாரு.” அவளுக்கு வாய்ப்பாடு தெரிவதற்கு முன்பே இது தெரியும்.

மூன்றாவது பழக்கம் என்று சொல்ல முடியாது, ஒரு பொருள். விபத்து வண்டி ஒன்றில் கிடைத்த சின்ன ஸ்டீரிங் வீல். அதைச் சுவரில் ஆணி அடித்து மாட்டி, “இது நட்டு கார் ஸ்டீரிங். யாரும் தொடக் கூடாது,” என்றார். காரின் மற்ற பாகங்கள் வருஷக்கணக்கில் வரவில்லை. வேலை அப்படி. ஸ்டீரிங் மட்டும் ஆணியிலேயே இருந்தது.

பிறந்தநாள் காரில் இருந்தது எந்த ஸ்டீரிங் என்று நான் சொல்லவே வேண்டாம்.

5

(இது அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டும். கோபத்தில் தனி எண் வாங்கிக்கொண்டது.)

இந்த மாதம் நான் சுருக்கிக்கொண்டிருப்பது ஒரு பழைய பயங்கர நாவல். உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள், பெயர் சொல்லி அதற்கு விளம்பரம் செய்ய நான் வரவில்லை. ஒருவன் பாகங்களைச் சேர்த்து ஓர் உயிரை உண்டாக்குகிறான். அது கண்ணைத் திறக்கிறது. அவன் ஓடிப்போகிறான். அப்புறம் அந்த உயிர் தானாகவே பேசக் கற்று, ஒளிந்திருந்து மனிதர்களைப் பார்த்து, அன்பு கேட்டுப் போய், அடி வாங்கி, கடைசியில் கொலை செய்கிறது.

பரீட்சையில் வருஷா வருஷம் வருகிற வினா: ‘அந்த உயிர் கொடியதாகப் பிறந்ததா, கொடியதாக ஆக்கப்பட்டதா? விவரி.’ பதிப்பாளர் விரும்பும் மாதிரி விடை: ‘இரண்டும் காரணம்.’ முழு மதிப்பெண்ணும் கிடைக்கும்.

அச்சுக்குத் திருத்த வைத்திருந்த தாள்களை என் மேசையில் நட்டு படித்திருக்கிறாள். சாப்பிடும்போது கேட்டாள்.

“சித்தி, அந்த ஆளு ஏன் ஓடிப்போனான்?”

“பயந்துட்டான்.”

“அது ஏதாச்சும் பண்ணுச்சா?”

“இல்ல. கண்ணத் தொறந்துச்சு, அவ்வளவுதான்.”

“கேள்வி எல்லாம் அதப் பத்தியே இருக்கே. அவனப் பத்தி ஒண்ணுகூட இல்ல?”

இருபது வருஷமாக அந்த வினாவைக் கட்டம் கட்டிப் போட்டுவரும் பதிப்பகத்துக்கு இது தோன்றவில்லை. அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

6

இங்கே அத்தானை முழு வில்லனாக எழுதிவிட ஆசை. எழுதியும் பார்த்தேன்.

‘அவர் கண்களில் ஈரமே இல்லை. இரும்போடு பழகிப் பழகி அந்த’

அடித்தேன். அது பொய். அவரை நேரில் பார்க்காமல் இந்தப் பகுதியை எழுதக் கூடாது என்று மதியத்தில் பட்டறைக்குப் போனேன். பின்முற்றத்தில் அந்தக் கரிய இடம் அப்படியே இருந்தது. அன்றிலிருந்து பட்டறையில் வேலை நடக்கவில்லை, எரிந்த காரையும் அப்படியே விட்டிருந்தார். வந்து பார்க்கும் அதிகாரிக்குக் காட்டவாம். முதல் தடவையாக அந்த இடத்தைப் பதறாமல் நின்று பார்த்தேன். பார்த்ததும் அத்தானைக் கூப்பிட்டேன்.

“அத்தான், இந்த மணல் வாளி எப்பவும் எங்க இருக்கும்?”

“முன்னாடி. வெல்டிங் மேசைக்கிட்ட.”

“இங்க ஏன் இருக்கு?”

“அவதான் தூக்கிட்டு வந்திருப்பா. தார்ப்பாய அணைக்க.”

“தீ புடிச்சப்புறம் முன்னாடி ஓடி, இந்தக் கனத்தத் தூக்கிட்டு இவ்வளவு தூரம் வந்தாளா? அதுக்குள்ள தார்ப்பாய் முழுக்கப் போயிருக்காதா?”

அவர் குனிந்து வாளியைப் பார்த்தார்.

“சிலிண்டர் எங்க?”

திரும்பிப் பார்த்தார். சிலிண்டர்கள் முற்றத்தின் மறுகோடியில், மதில் ஓரம், ஒன்றின்பின் ஒன்றாக நிறுத்தப்பட்டிருந்தன. அந்தக் கனத்தை ஒரு சின்னப் பெண் சாய்த்து, உருட்டி உருட்டிக் கொண்டுபோயிருக்க வேண்டும். தரையில் வளைந்து வளைந்து தடம் இருந்தது. கம்பியில் ஒரு துணித்துண்டு கட்டியிருந்தது, காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க. பாவம், நடுவில் காற்று திரும்பிவிட்டிருக்கிறது.

“சிலிண்டரத் தள்ளு, மணலக் கொண்டா, காத்தப் பாரு,” என்றேன். “இது யார் குரல் அத்தான்? எந்த ரத்தம் சொல்லிக் குடுத்துச்சு இத? வீட்டக் கொளுத்த நெனச்சவ சிலிண்டர அந்தக் கோடிக்கு உருட்டிட்டா வருவா? அவ தப்பு பண்ணினதுகூட நீங்க வளத்த மாதிரிதான் பண்ணியிருக்கா!”

கத்திவிட்டேன். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும்.

“இரும்புக்கு ஏது ஜாதகம்னீங்களே?”

“வண்டியும் புள்ளையும் ஒண்ணாம்மா?” என்றார் அத்தான். “வண்டின்னா சாவியக் கழட்டிட்டுப் போய்ப் படுத்துடலாம். எனக்குத் தூக்கமே இல்ல. சின்னவன் தொட்டில் கிட்டயே உக்காந்திருக்கேன். அவ கண்ணப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு.”

“அந்தக் கண்ணு போன வருஷமும் அதே கண்ணுதானே?”

தலையில் கை வைத்துக்கொண்டு, சப்பிய கார் ஒன்றின் பம்பரில் உட்கார்ந்து அழுதார். நிஜமான அழுகை. அதனால் அவரை முழு வில்லனாக எழுத முடியவில்லை. ஆனால் அவர் அழுததற்காக என் குரலைத் தணிக்கவும் போவதில்லை. ஓடிப்போகிறவனும் அழுதுகொண்டே ஓடலாம். விட்டுப் போகப்பட்டவளுக்கு அதில் என்ன லாபம்?

எழுந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மனு மட்டும் எழுதி வெச்சுடு. திங்கக்கெழம காலைல வரேன்,” என்றார்.

அக்காவைப் பற்றி ஒரு வரி. அவள் மேல்மாடிப் படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். “எனக்கும் அவ வேணும்டி. ஆனா அவருக்கு மனசு ஒப்பலியே,” என்றாள். என் கூடப் பிறந்தவள் இப்படி மதில்மேல் பூனையாக உட்கார்ந்திருப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. ரத்தம், வளர்ப்பு இரண்டும் எங்கள் இருவருக்கும் ஒன்றுதான். மாதிரி விடை எழுதுகிறவர்கள் இதையும் கொஞ்சம் விவரிக்கலாம்.

7

‘நீயே அவளை வைத்துக்கொள்ள வேண்டியதுதானே, இவ்வளவு பேசுகிறாயே?’ என்று முதல் பக்கத்திலிருந்தே உங்களில் சிலர் முனகிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்கிறது. கேட்டேன். பட்டறையிலிருந்து வந்த அன்றைக்கே கேட்டேன்.

“இங்கயே இருந்துடுறியா நட்டு? என்கூட?”

அவள் என் தையல் மெஷினைப் பிரித்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். நான் கேட்காமலே செய்கிற வேலை. அந்த மெஷின் ரொம்ப நாளாக ஓடவில்லை.

“நான் என்ன வண்டியா சித்தி, கை மாத்தி விட?”

நான் எண்ணெய் டப்பாவை அவள் பக்கம் நகர்த்திவைத்தேன்.

“உங்களப் புடிக்கும்,” என்றாள், எனக்கு வலித்தது தெரிந்தவள்போல. “ஆனா அப்பா எங்கிட்ட வந்து சொல்லட்டும். வேணாம்னா வேணாம்னு. உங்ககிட்ட எழுதச் சொல்லாம, எங்கிட்ட சொல்லட்டும். அதுக்கப்புறம் எங்க வேணா போறேன்.”

“கார ஏன் எரிச்ச?”

“தப்புதான்.” ஸ்க்ரூ ஒன்றை எடுத்துத் துணியில் துடைத்தாள். “நல்ல கார் சித்தி அது. மட்கார்டு நான்தான் தேச்சேன். தம்பிக்குன்னு தெரிஞ்சுதான் தேச்சேன். கடசீல, பொறந்தநாள் காலைல, அப்பா ஆணிலேர்ந்து ஸ்டீரிங்க எடுத்தாரு. எடுக்கறப்ப என்னப் பாத்து ஏதாச்சும் சொல்லுவாருன்னு நெனச்சேன். மறந்துட்டாரு. அது எனக்குன்னு சொன்னதே மறந்துட்டாரு.”

“அதுக்கா எரிச்ச?”

“அதுக்கு இல்ல. அன்னைக்கு நான் எரிக்கல. மறுநாள்தானே எரிச்சேன்?”

மறுநாள்தான். நடுவில் இருந்தது அந்தப் போட்டோ.

இதை எழுதும்போது என் எழுத்துக்காரி புத்தி, ‘இங்கே அவள் கண்ணில் ஒரு துளி’ என்று தொடங்கியது. ஒரு துளியும் இல்லை. மெஷினை மூடி, சக்கரத்தைச் சுற்றி, ஊசி ஏறி இறங்குவதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

8

முடிவுகள். மூன்று எழுதினேன், விரும்பியவர்கள் எடுத்துக்கொள்ளலாம், ஒன்றும் உருப்படியில்லை.

அ) அதிகாரி கையெழுத்துப் போடுகிறார். நட்டு ஒரு பையோடு போகிறாள். வருஷங்கள் கழித்து ஒரு மழை நாளில் பட்டறைக் கதவு தட்டப்படுகிறது. வாசலில் நிற்கும் உருவத்தின் கையில் தீப்பெட்டி. (பயங்கர நாவல் பிரியர்களுக்கு. அவள் அப்படி ஆனால்தானே ‘நான் அப்பவே சொன்னேன்ல’ என்று அத்தானின் தங்கை சொல்ல முடியும்? அந்தச் சந்தோஷத்தை அவளுக்கு நான் தரமாட்டேன்.)

ஆ) அத்தான் மனம் மாறி ஓடி வருகிறார். எல்லாரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். புதிதாக ஒரு குடும்பப் படம். (ஒரு வருஷத்தை ஒரு அழுகையில் கழுவிவிட முடியுமென்றால் எல்லாருக்கும் எவ்வளவு வசதி!)

இ) அவள் பெரிய மெக்கானிக்காகிறாள். ஒரு நாள் நெடுஞ்சாலையில் நின்றுபோன ஒரு கிழவரின் வண்டியைச் சரிசெய்து தருகிறாள். கிழவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்து (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கே வாய் கூசுகிறது. கைவிடப்பட்ட பிள்ளைகள் எல்லாம் முன்னேறிக் காட்டித்தான் தங்கள் பக்கம் நியாயம் இருந்ததென்று நிரூபிக்க வேண்டுமா? சுமாரான பிள்ளையாகவே இருந்துவிட்டுப் போனால்? ஒரு கெட்ட கோபத்தில் ஒரு நல்ல காரை எரித்த, சாதாரணப் பிள்ளையாக?)

9

திங்கட்கிழமை காலை. நான் இந்தப் பக்கங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அத்தானிடம் இதையேதான் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தேன். அலுவலகத்தில் கொடுக்கட்டும், கிழித்துப் போடட்டும், அவர் பாடு. கையெழுத்து வேண்டுமென்றால் ஒவ்வொரு பக்கத்திலும் போட்டுத் தருவேன்.

நட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். கீழே வேன் வந்து நிற்கும் சத்தம். எட்டிப் பார்க்காமலே தலையை நிமிர்த்தினாள்.

“பெல்ட் லூசா இருக்கு. கத்துது பாருங்க.” கொஞ்சம் பொறுத்து, “அப்பா கவனிக்கவே இல்ல,” என்றாள்.

படியில் காலடி கேட்டது. நான் எழுந்தேன். “நீங்க இருங்க சித்தி,” என்று அவளே போய்க் கதவைத் திறந்தாள்.

அத்தான் படியேறிய மூச்சோடு நின்றார். என்னை எதிர்பார்த்து வந்தவர். மனுவை வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பிவிடலாம் என்று கையை முன்கூட்டியே கொஞ்சம் நீட்டியிருந்தார். அந்தக் கை அப்படியே நின்றது. சட்டைக் கையை மடித்துவிட்டிருந்ததால் முன்கை தெரிந்தது. பழைய பல் அச்சு இன்னும் மங்கலாக இருந்திருக்கிறது, நான்தான் மறைந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

அவள் ஒதுங்கி வழி விடவில்லை. வாசலின் நடுவில், பட்டறை வாசலில் நிற்பதுபோலவே நின்றாள்.

“அப்பா,” என்றாள். கத்தவில்லை. மற்றபடி அதே குரல். “நம்ம வண்டி ஒண்ணு திரும்பி வந்திருக்கு.”

அவர் வாயைத் திறந்தார்.

அவர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும். நான் அங்கேதான் நின்றிருந்தேன். சொல்லமாட்டேன். சொன்னால் அதை வைத்துக்கொண்டு அவள் நல்லவளா கெட்டவளா என்று மதிப்பெண் போட உட்கார்ந்துவிடுவீர்கள். இருபது வருஷமாக அந்த வினாவுக்குத்தான் விடை எழுதிப் பழகியிருக்கிறீர்கள். இந்த முறை கேள்வி அவளைப் பற்றியது அல்ல. அவர் சொல்ல வேண்டிய பதில் நாலாம் பகுதியில் இருக்கிறது, வண்டிகளுக்கு அவர் தினம் தினம் சொன்னது, யோசிக்காமலே சொன்னது. அதை ஒரு பிள்ளைக்குச் சொல்ல ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே உங்கள் வீட்டு வாசலில் நின்று பாருங்கள். பார்த்துவிட்டு வந்து, மனுவில் கையெழுத்துக்கு விடுவதுபோல நான் விட்டிருக்கும் இந்த இடத்தை நிரப்புங்கள். அவள் இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

“............................................”